மூடும் முன் அளக்க வேண்டும்

இந்தப் பதிவு பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுவது. நம் வயதில் யார் பிக்கப் ஓட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள். மகனோ, மருமகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ ஓட்டுகிறான். முன்பணத்துக்கு நம் பென்ஷன் பணமும் கொஞ்சம் போயிருக்கும். ஆகவே நமக்கும் இதில் பேச உரிமை உண்டு.

கிருஷ்ணகிரி ரோட்டில் சாயங்காலம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் என்று வரிசையாகப் போகும். 2005இல் டாடா ஏஸ் வந்தது. 2011இல் நம் ஓசூர் ஆலையிலிருந்தே தோஸ்த் வெளிவந்தது. அதற்குப் பிறகு மாட்டு வண்டியும் டிராக்டரும் செய்த பாதி வேலையை இந்தச் சின்ன வண்டிகள் எடுத்துக்கொண்டன. இப்போது இந்த வண்டிகளின் பாடிக்குள் கருப்பாக, சொரசொரப்பாக ஒரு கோட்டிங் அடிப்பது பழக்கமாகி வருகிறது. அமெரிக்காவில் ரைனோ லைனிங்ஸ், லைன்எக்ஸ் போன்ற கம்பெனிகள் பல ஆண்டுகளாகச் செய்கிற வேலைதான். கன்னில் அடித்தால் இரும்புத் தகட்டின் மேல் ரப்பர் தோல் போல ஒட்டிக்கொள்ளும். கீறாது, துரு பிடிக்காது, சத்தம் குறையும், சரக்கு வழுக்காது. சரியாகச் செய்தால் இவ்வளவும் உண்மை.

சரியாகச் செய்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலான இடத்தில் செய்வதில்லை என்பது என் புகார். அதற்குக் கடைக்காரர் மட்டும் காரணம் இல்லை, நாமும்தான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மச்சினன் மகன் ஒரு பழைய பிக்கப் வாங்கினான். மாங்காய் சீசனில் கூழ் ஆலைகளுக்கு லோடு. மற்ற மாதங்களில் தக்காளி, உர மூட்டை, சில நாள் மாடு. இந்த நான்குமே இரும்புக்கு எதிரி. பழச்சாறு புளிப்பு. பொட்டாஷ் உரம் என்பது ஒரு வகை உப்பு. மாட்டு மூத்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவன் வண்டியைப் பாதுகாக்க நினைத்ததில் தப்பே கிடையாது. நெடுஞ்சாலையோரம் ஒரு கடையில் கொடுத்தான். காலையில் விட்டான், மாலையில் எடுத்தான். பதினெட்டாயிரம் ரூபாய். 'லைஃப் டைம் கேரண்டி' என்று வாயால் சொன்னார்கள். பனம்பழம் போல மினுமினு என்று வந்து நின்றது வண்டி. நானும் தட்டிப் பார்த்து, "நல்லா இருக்குடா" என்றேன்.

ஒரு மழைக்காலம் போயிற்று. சக்கரத்துக்கு மேல் வரும் மேட்டின் ஓரத்தில் கோட்டிங் ஓர் அங்குலம் தூக்கியிருந்தது. விரலை விட்டு இழுத்தான். வாழைப்பட்டை உரிந்த மாதிரி இரண்டடி வந்தது. அடியில் ஈரம். அதற்கடியில் பொருக்குப் பொருக்காகத் துரு. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கீழே ரோடு தெரிந்தது. தகட்டை வெட்டி வெல்டிங் வைக்கப் பதினோராயிரம், அதோடு சீசன் நேரத்தில் நான்கு நாள் வாடகை போயிற்று. தவணைக்காரன் நான்கு நாள் பொறுப்பானா?

நடந்தது என்ன என்று மெக்கானிக் காட்டினார். பழைய துருவைச் சுரண்டாமல், தண்ணீரில் கழுவி, காய்ந்தும் காயாமலும் மேலே அடித்திருக்கிறார்கள். தண்ணீர் வடிய கம்பெனியே வைத்த ஓட்டைகளையும் சேர்த்து மூடிவிட்டார்கள். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அடியில் அது வளர வளர மேலே உள்ள தோலைத் தூக்கும். தூக்கிய இடுக்கில் தண்ணீர் புகும். கோட்டிங் இல்லாத தகடாக இருந்தால் வெயிலில் காய்ந்தாவது போயிருக்கும். இது ஈரத் துணியை இரும்பில் சுற்றிக் கட்டிய கதை. காசு கொடுத்துத் துருவை வளர்த்திருக்கிறான் பையன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க குமாஸ்தா. கட்டட வேலை பில்கள் என் மேஜை வழியாகப் போகும். இஞ்சினியர்கள் அளவுப் புத்தகம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். எம்.புக் என்போம். அதில் ஒரு பழைய விதி உண்டு. மண்ணுக்குள் போகிற அஸ்திவாரம், கான்கிரீட்டுக்குள் போகிற கம்பி, இவற்றை மூடும் முன்பே அளந்து எழுத வேண்டும். மூடிய பிறகு யார் என்ன சத்தியம் செய்தாலும் அளவு அளவாகாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற இந்த விதியைப் போட்டவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருந்தது. மேலே தெரிகிற வேலையை எல்லோரும் நன்றாகச் செய்வார்கள். கண்ணுக்கு மறைகிற வேலையில்தான் கை சுருங்கும்.

பிக்கப் பாடிக்கும் இந்த விதிதான் என்கிறேன். மூடும் முன் வண்டி உரிமையாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். என்ன பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் துரு. கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து இரும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஓட்டை இருந்தால் வெல்டிங், பிறகு பிரைமர். துரு மேல் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு 'எல்லாம் சரி' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, துரு இல்லாத இடத்தில் கம்பெனி பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். அதையும் உப்புத்தாள் போட்டு மங்கலாக்க வேண்டும். கண்ணாடியில் எதுவும் ஒட்டாதது போல, வழவழப்பில் இதுவும் ஒட்டாது. மூலைமுடுக்கும் கொக்கி வளையங்களின் அடியும் மெஷின் போகாத இடம். கையால்தான் தேய்க்க வேண்டும். உரிவது எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும். மூன்றாவது, எண்ணெய்ப் பிசுக்கு. டீசல் சிந்திய பாடியில் வெறும் தண்ணீர் போதாது. பிசுக்கு எடுக்கும் தின்னர் கொண்டு சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். நான்காவது, வடிகால் ஓட்டைகளையும் போல்ட் துவாரங்களையும் டேப் ஒட்டி மறைத்திருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது ஈரம். இந்தப் பூச்சுகள் பெரும்பாலும் இரண்டு திரவம் கலந்து இறுகுபவை. அதில் ஒன்று ஐசோசயனேட். அதற்கும் தண்ணீருக்கும் ஆகாது. ஈரம் பட்டால் கரியமில வாயு நுரைத்துக் கொப்புளமும் ஊசி ஓட்டையுமாக ஆகும். மார்கழிக் காலையில் வெளியே நிற்கிற வண்டியின் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருக்கும். வெயில் ஏறித் தகடு நன்றாகக் காய்ந்த பிறகுதான் கன்னைத் தொட வேண்டும். காலையில் விட்டு மாலையில் எடுக்கிற வண்டியில் இந்த ஐந்தும் நடந்திருக்க வழியே இல்லை. ஒரு முழு நாள் தேய்ப்புக்கும் காய்வதற்குமே போகும். அடித்த பிறகும் சரக்கு ஏற்றச் சில நாள் பொறுக்க வேண்டும். அவசரப்படுகிற வாடிக்கையாளருக்கு அவசர வேலைதான் கிடைக்கும்.

அடுத்தது கனம். இது குமாஸ்தா கணக்கு, ஆனால் கடைக்காரர்களுக்குப் பிடிக்காத கணக்கு. ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் கனம் ஒரு மில்லிமீட்டர். பையன் வண்டியின் தளம் 9 அடிக்கு 5.5 அடி, அதாவது 49.5 சதுர அடி. சுற்றுச்சுவர் 29 அடி நீளம், 1.5 அடி உயரம், 43.5 சதுர அடி. மொத்தம் 93 சதுர அடி. மீட்டர் கணக்கில் சுமார் 8.6. இரண்டு மில்லிமீட்டர் கனம் வேண்டுமானால் 17 லிட்டருக்கு மேல் சரக்கு வேண்டும், காற்றில் பறப்பது தனி. முதல் கடையில் நான்கு டப்பா காலி செய்தார்கள். கலந்த பிறகு டப்பாவுக்கு ஒரு லிட்டர். ஆக, நான்கு லிட்டர். அரை மில்லிமீட்டர் கூட வராது. அதிலும் தின்னர் ஆவியாகிப் போனால் இன்னும் குறையும். ஆனால் பேசியது இரண்டு மில்லிமீட்டர்.

நான்கு டப்பாவில் அடிப்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. மெல்லிய பூச்சுக்கும் உபயோகம் உண்டு, கிரேட் அடுக்கும் வண்டிக்கு அதுவே போதும். கனமாக அடிக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு மெஷின். இரண்டு திரவத்தையும் சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில் கன் முனையில் கலந்து அடிக்கும், சில விநாடிகளில் இறுகும். பாலியூரியா என்பார்கள். சாதாரண கம்ப்ரஸரில் அது நடக்காது. மெல்லியதை அடித்துக் கனமானதற்குக் காசு வாங்குவதுதான் தப்பு. இன்னும் சில இடத்தில் வண்டியின் அடிப்பக்கம் அடிக்கிற தார்ப் பூச்சை உள்ளே அடித்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பதிந்தால் தார்.

எல்லா வண்டிக்கும் இது தேவையா என்றால், இல்லை. ஜல்லி, கல் துண்டு ஏற்றுகிறவருக்கு எந்தப் பூச்சும் நிற்காது. கனமான செக்கர் பிளேட்டோ மரப்பலகையோ போடட்டும். நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுகிறவர்கள் தளத்துக்குப் பலகை போட்டது பட்டிக்காட்டுத்தனத்தால் இல்லை. பலகை அடி வாங்கும், உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். அட்டைப் பெட்டியும் கிரேட்டும் ஏற்றுகிறவருக்குத் தடித்த ரப்பர் பாய் போதும், வாரம் ஒரு முறை தூக்கிக் கழுவ வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி போல உள்ளே இறக்குவது பார்க்க அழகு. ஆனால் அடியில் தண்ணீரும் மணலும் நின்று பெயிண்டை அரைத்துவிடும். உரம், தக்காளி, மாடு என்று ஈரமும் உப்பும் படுகிற வண்டிக்குத்தான் அடிக்கிற பூச்சு நியாயமான செலவு.

இனி இரண்டாம் முறை நடந்ததைச் சொல்கிறேன். வெல்டிங் முடிந்து வேறொரு கடைக்குப் போனோம். நானும் கூடப் போனேன். இருபத்து நான்காயிரம் கேட்டார். நான் வாதாடி இரண்டாயிரம் குறைத்தேன். மூடும் முன் பார்ப்பேன், ஒவ்வொரு கட்டமும் போனில் படம் எடுப்பேன் என்றேன். கடைக்காரர் முகம் சுருங்கிற்று. "ஐயா, இது என்ன கவர்மென்ட் ஆபீஸா?" என்றார். "ஆபீஸாக இருந்தால் நான் பணம் கொடுக்க மாட்டேன், அதனால்தான் பார்க்கிறேன்" என்றேன். மச்சினன் மகனுக்குச் சங்கடம். "மாமா, நீங்க சும்மா இருங்க" என்று காதோரம் சொன்னான். நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மூலைகளைக் கையால் தேய்த்திருந்தார்கள்.

மறுநாள் அடிக்கும் நேரம். கன் பிடிக்கிற பையனுக்கு இருபது வயது இருக்கும். மூக்கில் துண்டு கட்டியிருந்தான். இருமிக்கொண்டே டப்பாவைக் குலுக்கினான். நான் ஒரு காலி டப்பாவைக் கையில் எடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்த பகுதியின் மேல் இறக்குமதியாளரின் விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் பிரெஞ்சு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஊத்தங்கரைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பாஷைக்கு ஒரு வேலையும் கிடைத்ததில்லை. அன்றைக்குக் கிடைத்தது. கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். இதில் ஐசோசயனேட் இருக்கிறது, ஒவ்வாமை உண்டாக்கலாம் என்று ஒரு வரி. 2023 ஆகஸ்ட் 24 முதல், தொழில்முறையில் இதை உபயோகிக்கும் முன் தகுந்த பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று இன்னொரு வரி. ஐரோப்பாவில் அது சட்டம். இங்கே அதன் மேல் எம்.ஆர்.பி. ஸ்டிக்கர்.

ஐசோசயனேட் என்ற பெயர் நம் தலைமுறைக்குத் தெரிந்த பெயர். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பயமுறுத்தச் சொல்லவில்லை. இது அதே குடும்பம், அதே விஷம் இல்லை. அது தானாகவே ஆவியாகிப் பரவியது. இது அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. ஆனால் கன்னில் அடிக்கும்போது பனித்துளி போல மிதந்து நுரையீரலுக்குள் போகும், தோலில் பட்டாலும் கெடுதல். சிலருக்கு ஆஸ்துமா வரும். ஒரு முறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இந்தக் கோட்டிங் அடித்த ஒருவர் 2003இல் ஆஸ்துமா வந்து இறந்துபோனார். தொழிலாளர் நலத்துக்கான அவர்களுடைய ஆராய்ச்சி நிறுவனம் நியோஷ், 2006இல் டிரக் பாடி கோட்டிங் வேலையைப் பற்றியே தனி எச்சரிக்கை வெளியிட்டது. மூக்கில் கட்டுகிற துண்டு இதைத் தடுக்காது. தூசி மாஸ்க்கும் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாயில் கொடுக்கும் முகமூடிதான் முறை. அதற்கு அடுத்தபடியாவது ரசாயன ஆவிக்கான வடிப்பான் வைத்த மாஸ்க், கண்ணாடி, கையுறை வேண்டும். வடிப்பானையும் காலத்தில் மாற்ற வேண்டும்.

பையனை நிறுத்தச் சொன்னேன். இருமல் எப்போதிருந்து என்று கேட்டேன். "ரெண்டு மாசமா இருக்கு ஐயா. ஞாயித்துக்கிழமை வராது" என்றான். வேலை நாளில் வந்து லீவு நாளில் போகிற இருமல். நாலு பேர் வேலை செய்கிற அந்தக் கடையில் இ.எஸ்.ஐ. இல்லை. நாளைக்கு இவனுக்கு மூச்சு முட்டினால் இவன் அம்மாதான் நகையை அடகு வைக்க வேண்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நேத்து ரெண்டாயிரம் குறைச்சீங்களே, அது எதுல குறையும்னு நெனச்சீங்க?"

எனக்குப் பதில் இல்லை. நான் பில்லில் ஒவ்வொரு வரியையும் பார்த்தவன். தேய்ப்பைப் பார்த்தேன், கனத்தைப் பார்த்தேன், ஓட்டையை எண்ணினேன். அடிக்கிறவன் மூச்சு என்ற வரி பில்லில் இல்லை, அதனால் என் கண்ணில் படவில்லை. குறைத்த இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வேலை இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. ஓசூரில் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் வடிப்பான் வைத்த மாஸ்க் வாங்கி வந்தார்கள். பையனை டாக்டரிடம் காட்டச் சொன்னேன், தொழிலைச் சொல்லிக் காட்டச் சொன்னேன். சும்மா இருமல் என்று போனால் சும்மா இருமலுக்குத்தான் மருந்து தருவார்கள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பில்லில் நான்கு வரி எழுதி வாங்கட்டும்: துரு எடுத்துத் தேய்க்கும் கூலி, எத்தனை லிட்டர் என்ன சரக்கு, எத்தனை வருஷத்துக்கு என்ன உத்தரவாதம், அடிப்பவருக்குப் பாதுகாப்புச் சாமான். நான்காவது வரியில் பேரம் பேசக் கூடாது. அந்த வசதி இல்லாத கடை என்றால் ரோலரால் உருட்டுகிற வகையைக் கேட்கட்டும். அழகு கொஞ்சம் குறையும், காற்றில் பறக்கிற விஷமும் குறையும். அதற்கும் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். இவ்வளவும் முடியாது என்றால் ரப்பர் பாய் போட்டுவிட்டு, வாரம் ஒரு முறை தூக்கிக் கழுவட்டும். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பையன் வண்டி ஒரு ஐப்பசி மழையைத் தாண்டிவிட்டது. ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறது, மூலை எதுவும் தூக்கவில்லை. அந்தக் கடை வழியாக அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். ஒரு முறை கன் பிடிக்கிற பையன் மாஸ்க் மாட்டியிருந்தான். இன்னொரு முறை அது சுவரில் ஆணியில் தொங்கியது, அவன் துண்டு கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் இருந்தேன். இறங்கிச் சொல்லவில்லை. அடுத்த முறை இறங்குவேன்.